ஆர்லிஸ் நிறுத்திய ரயில்

ஹாலெட் கோவ் துறைமுகத்தில் நான்கு சுற்றுலாக் கப்பல்கள் ஒரே காலையில் வந்து கட்டினால், எண்ணூறு பேர் குடியிருக்கிற ஊருக்குள் பத்தாயிரம் பேர் இறங்குவார்கள். அதில் பல நூறு பேர் நகைக்கடைகளையும் நண்டுக்கடைகளையும் திரும்பிக்கூடப் பார்க்காமல் நேரே ரயிலடிக்கு நடப்பார்கள். மலை உச்சிவரை போய்த் திரும்ப மூன்றரை மணி நேரம். இடது பக்கம் பள்ளத்தாக்கு, அருவி, பனிமலை. வலது பக்கம் கைக்கெட்டும் தூரத்தில் வெறும் பாறை. எல்லோருக்கும் இடது பக்க ஜன்னல்தான் வேண்டும். ஆர்லிஸ் வெக்னர் மட்டும் இருபத்தேழு வருஷமாக வலது பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பாதை பார்ப்பது அவள் வேலை. முதல் ரயில் கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்னால், தண்டவாளத்தில் ஓடுகிற சின்ன மோட்டார் டிராலியில் ஏறித் தனியாக உச்சிவரை போவாள். மரம் விழுந்திருக்கிறதா, கல் உருண்டிருக்கிறதா, மரப்பாலத்தின் கால்கள் நேராக நிற்கின்றனவா என்று பார்ப்பாள். மத்தியானம் ஏறும் ரயிலுக்குப் பின்னாலேயும் ஒரு தடவை போவாள். எங்கேயாவது சந்தேகம் வந்தால் டிராலியின் என்ஜினை அணைத்துவிட்டு, தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடிக் கேட்பாள். இந்தக் கேட்கிற பழக்கத்தை வைத்துத்தான் ஊர் அவளைக் கேலி செய்தது.

"மனாங், இன்னிக்கு மலை என்ன சொல்லுச்சு? சௌக்கியமா இருக்காமா?" என்பான் ரயில் ஓட்டுகிற நெஸ்டர் டும்லாவ். பிலிப்பைன்ஸிலிருந்து மீன் பதப்படுத்தும் ஆலை வேலைக்கு வந்த குடும்பம் அவனுடையது. அவர்கள் வீட்டுப் பேச்சில் மனாங் என்றால் அக்கா. ஊரில் வேறு யாரையும் அவன் அப்படிக் கூப்பிட்டதில்லை.

"உன்ன மாதிரி ஒரு வாயாடி என் மேல ஏறி வரானேன்னு அழுதுச்சு," என்பாள் ஆர்லிஸ்.

சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். ஆனால் அந்தச் சிரிப்பு கண்வரைக்கும் போகாது. மே மாதம் முதல் கப்பல் வந்ததிலிருந்து அக்டோபரில் கடைசிக் கப்பல் போகும்வரை அவளுக்கு வயிறு சரியாக இருக்காது. சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்தால், மலைமேல் இப்போது எத்தனை ரயில், எத்தனை பேர் என்று மனசு கணக்குப் போட ஆரம்பித்துவிடும். அவள் கல்யாணம் ஆறு வருஷம்தான் நிலைத்தது. "நீ வீட்டுக்குள்ளயும் கூரையப் பார்த்துக்கிட்டேதான் சாப்பிடுற, ஆர்லிஸ். என்னால முடியல," என்று சொல்லிவிட்டுப் புருஷன் வால்டர் தெற்கே போய்விட்டான். அவன் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. அதனால் அவள் சண்டை போடவும் இல்லை.

அவளுடைய பயத்துக்கு ஒரு காரணம் இருந்தது. அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

மொன்டானாவிலிருந்து வந்து வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம். வயது இருபத்தைந்து. பாதை பார்க்கும் வேலைக்கு அதுவரை பெண்கள் யாரும் வந்ததில்லை. சேர்ந்த இரண்டாவது வாரமே, பாலத்தில் பனிக்கட்டி தொங்குகிறது என்று ரேடியோவில் சொல்லி, பழுதுபார்க்கும் ஆட்களை ஏற்றிப்போகிற வேலை ரயிலை நிறுத்திவிட்டாள். அது வெறும் ஈரம். மேஸ்திரி அத்தனை ஆட்கள் முன்னால், "அடுத்த தடவ குருவி கத்தினாலும் சொல்லும்மா, நிறுத்திடறோம்," என்றான். ஆட்கள் தொடையில் தட்டிச் சிரித்தார்கள். அதற்கு அடுத்த வாரம், ஏப்ரல் மாதம், ஏழாம் மைலில் பாறைக்குள்ளிருந்து ஒரு சத்தம் கேட்டாள். உப்புக்கல்லை வாயில் போட்டு மெல்லுவது போல ஒரு நறநறப்பு. ரேடியோவைக் கையில் எடுத்தாள். மேஸ்திரியின் முகம் ஞாபகம் வந்தது. ரேடியோவைத் திரும்ப வைத்துவிட்டாள்.

நாற்பது நிமிஷம் கழித்து அந்த இடத்தில் பாறை சரிந்து வேலை ரயிலின் கடைசிப் பெட்டியில் விழுந்தது. பிரேக் பார்க்கிற டெஸ்மண்ட் ஹேலி என்ற இருபத்தாறு வயதுக்காரனுக்கு வலது கால் முழங்காலுக்குக் கீழே போயிற்று.

விசாரணையில் அவளைக் கேட்டார்கள். அன்றைக்குக் காலையில் அந்த இடத்தில் ஏதாவது கவனித்தாயா? இல்லை என்றாள். அந்த ஒரு வார்த்தைக்குப் பிறகு விசாரணை முடிந்துவிட்டது. அவளுக்குத்தான் முடியவில்லை.

டெஸ்மண்ட் ஒரு வருஷம் கழித்துச் செயற்கைக் காலோடு திரும்பி வந்தான். அவனைக் கட்டுப்பாட்டு அறையில் உட்கார வைத்தார்கள். எந்த ரயில் எங்கே நிற்க வேண்டும், எப்போது நகர வேண்டும் என்று ரேடியோவில் சொல்கிற வேலை. அதிலிருந்து இருபத்தாறு வருஷமாக, ஆர்லிஸின் காதில் காலையில் விழுகிற முதல் குரல் அவன் குரல்தான். நல்ல மனுஷன். அவளுடைய பிறந்த நாளை அவன் ஒருத்தன்தான் ஞாபகம் வைத்திருப்பான். வால்டர் போன குளிர்காலத்தில், இரண்டு மாதம் அவள் வீட்டு வாசல் பனியை அள்ளி அகற்றியது அவன்தான், அந்தக் காலை வைத்துக்கொண்டு. ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்று அவன் அள்ளுவதைப் பார்த்துக்கொண்டிருந்த ஆர்லிஸுக்கு, வெளியே போய் ஒரு நன்றி சொல்லக்கூடத் துணிவு வரவில்லை.

போன பருவத்தில் அவள் மூன்று தடவை ரயிலை நிறுத்தினாள். மூன்று தடவையும் ஒன்றும் விழவில்லை. ஒரு தடவை, இருநூறு பேர் கப்பலுக்குப் போய்ச் சேர முக்கால் மணி நேரம் தாமதமாகிவிட்டது. ரயில் கம்பெனிக்குப் புதிதாக வந்திருந்த மேலாளர் கர்டிஸ் அவளைக் கூப்பிட்டு ஒரு கடிதம் கொடுத்தார். இனிமேல் ரயிலை நிறுத்தச் சொன்னால், கண்ணால் பார்த்த காரணம் இருக்க வேண்டும். இன்னொரு தடவை வெறும் சந்தேகத்தில் நிறுத்தினால் அவளைப் பாதையிலிருந்து எடுத்துவிடுவார்கள்.

"வயசானவங்க நிறையப் பேரு வர்ற கப்பலுங்க இது. தாமதமானா அவங்க துடிச்சுப் போயிடறாங்க. எனக்கு உங்க மேல கோபமில்ல, ஆர்லிஸ். ஆனா பயத்தைக் காரணமா எழுத முடியாதில்ல?" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார்.

அடுத்த ஜூனில் ஒரு வியாழக்கிழமை. மூன்று நாள் விடாமல் பெய்த மழை அன்று காலையில்தான் நின்று, பளிச்சென்று வெயில் அடித்தது. பயணிகளுக்கு இதைவிட நல்ல நாள் கிடையாது. ஆர்லிஸுக்கு இதைவிடக் கெட்ட நாள் கிடையாது. நனைந்த பாறையில் வெயில் பட்டால் அது என்ன செய்யும் என்று யாருக்கும் தெரியாது. காலையில் பாதை சுத்தமாக இருந்தது. முதல் ரயில் ஏறி இறங்கிவிட்டது. மத்தியான ரயிலை நெஸ்டர் ஓட்டிக்கொண்டு போனான். உச்சியில் கனடா எல்லைக் கொடிகளுக்குப் பக்கத்தில் அரை மணி நேரம் நிறுத்துவான். ஜனங்கள் பனியைத் தொட்டுப் பார்த்துப் படம் எடுத்துக்கொள்வார்கள். அவனுக்குப் பின்னால் மெதுவாக ஏறிக்கொண்டிருந்த ஆர்லிஸ், பன்னிரண்டாம் மைலில், இரண்டாம் சுரங்கத்தைத் தாண்டியதும் டிராலியை நிறுத்தினாள். தண்டவாளத்தின் ஓரம் மூன்று கல் சில்லுகள் கிடந்தன. கட்டை விரல் நகம் அளவுதான். இந்த மாதிரிச் சில்லு தினமும் விழும். என்ஜினை அணைத்தாள். தொப்பியைக் கழற்றினாள்.

கீழே ஆறு இரைந்துகொண்டிருந்தது. எங்கோ ஒரு காக்கை. அதற்கெல்லாம் அடியில், பாறையின் வயிற்றுக்குள்ளிருந்து, நறநற.

அவள் எழுந்து நின்று பாறையை அண்ணாந்து பார்த்தாள். ஈரத்தில் கறுத்துப் பளபளக்கிற நூறு அடிச் சுவர். விரிசல் ஒன்றும் தெரியவில்லை. ஐந்து நிமிஷம் கண்ணை இடுக்கி இடுக்கிப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. சத்தம் மட்டும் விட்டு விட்டு வந்தது.

ரேடியோவை எடுத்தாள். "கட்டுப்பாட்டு அறை. ஆர்லிஸ் பேசறேன். பன்னெண்டாம் மைல்ல இருக்கேன். நெஸ்டர் வண்டிய மேலயே நிறுத்தி வை."

"என்ன விழுந்திருக்கு?" என்றான் டெஸ்மண்ட்.

"ஒண்ணும் விழல."

"விரிசல் தெரியுதா?"

"தெரியல. சத்தம் கேக்குது."

"மூணு நாள் மழை, ஆர்லிஸ். உள்ள தண்ணி ஓடும்," என்றான்.

"தண்ணி இல்ல, டெஸ்மண்ட்."

"மணி ரெண்டு இருபது. நெஸ்டர் ரெண்டரைக்குக் கிளம்பணும். கப்பல் நாலரைக்குக் கயிறு அவுக்குது. மேல நானூத்திப் பன்னெண்டு பேர் இருக்காங்க." அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டான். ரேடியோவில் குரலைத் தாழ்த்தி என்ன பிரயோஜனம், எல்லோருக்கும்தான் கேட்கிறது. "கண்ணால பார்த்தது ஒண்ணே ஒண்ணு சொல்லு. நான் எழுதிக்கிறேன். சத்தம்னு எழுதினா நாளையிலேருந்து நீ எங்க இருப்பேன்னு உனக்கே தெரியும்."

அவன் அவளுக்கு ஒரு வழி காட்டுகிறான் என்று அவளுக்குப் புரிந்தது. விரிசல் தெரிகிறது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். யார் வந்து சரிபார்க்கப் போகிறார்கள்? வார்த்தை வாய்வரைக்கும் வந்துவிட்டது.

அதற்குள் நெஸ்டர் நடுவில் புகுந்தான். "மனாங், நான் வேணா நடக்கிற வேகத்துல இறக்கிட்டு வரேன். அதிராம, சத்தமே இல்லாம."

"மெதுவா வந்தா அதுக்கு அடியில அதிக நேரம் இருப்படா, முட்டாள். நகராத."

"ஆர்லிஸ்," என்றான் டெஸ்மண்ட். "நான் ஏதாவது எழுதியாகணும்."

அவள் டிராலியின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டாள். ரேடியோவின் பொத்தானை அழுத்திக்கொண்டு, ஒரு முறை விட்டுவிட்டு, மறுபடி அழுத்தினாள்.

"உன் கால் போன அன்னிக்குக் காலையில பாதை பார்த்தது நான்தான். ஏழாம் மைல்ல இதே சத்தம் கேட்டேன். சொல்லல. சிரிப்பாங்கன்னு பயந்துட்டுச் சொல்லல. விசாரணையில கேட்டப்போ ஒண்ணும் கேக்கலன்னு பொய் சொன்னேன். எனக்குக் கேட்டுச்சு, டெஸ்மண்ட். இப்போ கேக்குதே, இதேதான். வேற எனக்குச் சொல்லத் தெரியல. இத எழுதிக்கோ."

பொத்தானை விட்டாள். ரேடியோவில் காற்றின் இரைச்சல் மட்டும் வந்தது. மரப்பாலத்தில் வேலை செய்துகொண்டிருந்தவர்கள், பணிமனையில் இருந்தவர்கள், ரயிலடியில் சீட்டுக் கொடுக்கிற பெண், உச்சியில் நெஸ்டர், அத்தனை பேர் காதிலும் இது விழுந்திருக்கும். அந்த அமைதி எவ்வளவு நேரம் இருந்தது என்று பிறகு பலரும் பலவிதமாகச் சொன்னார்கள். ஆர்லிஸுக்கு அது அரை நாள் போல இருந்தது.

பிறகு டெஸ்மண்டின் குரல் வந்தது. வேலைக் குரல். அதில் வேறு எதுவும் இல்லை.

"நெஸ்டர், உச்சியிலேயே நில்லு. மறு உத்தரவு வர்ற வரைக்கும் ஒரு அடி நகரக் கூடாது. திருப்பிச் சொல்லு."

"உச்சியிலேயே நிக்கிறேன். உத்தரவு வராம நகர மாட்டேன்."

"ஆர்லிஸ், டிராலிய சுரங்கத்துக்குள்ள எடுத்துட்டுப் போயிடு. அந்தப் பாறைக்கு அடியில நிக்காத."

அதற்குப் பிறகு அவன் அவளிடம் பேசவில்லை.

சுரங்கத்தின் வாயில் உட்கார்ந்து அவள் பாறையையே பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் அவள் முதுகில் விழுந்தது. இருமுறை இடம் மாறி உட்கார்ந்தும் அது அவளைத் தேடிவந்து விழுந்தது. இரண்டு ஐம்பதுக்குச் சத்தம் நின்றுபோயிற்று. எழுந்து போய்ப் பாறைக்கருகில் நின்று கேட்டாள். ஆறுதான் கேட்டது. மூன்று மணிக்கும் ஆறுதான் கேட்டது. தண்ணீர்தானோ? தண்ணீர்தான் வடிந்துவிட்டதோ? டெஸ்மண்டின் இத்தனை வருஷத்தையும் தன் வாழ்க்கையையும் ஒரு வாய்க்கால் தண்ணீருக்காகப் போட்டு உடைத்துவிட்டேனோ என்று நினைத்தாள்.

சத்தம் நின்றதைச் சொல்லாமல் இருந்துவிடலாம். ஆனாலும் சொன்னாள். "கட்டுப்பாட்டு அறை. சத்தம் நின்னுடுச்சு."

இந்தத் தடவை மேலாளர் கர்டிஸ் பேசினார். "நின்னுடுச்சா? அப்போ இறக்கலாமா?"

"இறக்காதீங்க."

"ஏம்மா, சத்தம் கேட்டாலும் இறக்கக் கூடாது, நின்னாலும் இறக்கக் கூடாதா?"

"எனக்கு ஏன்னு சொல்லத் தெரியல, சார். இறக்காதீங்க. உங்க கடிதம் எனக்கு ஞாபகம் இருக்கு. நாளைக்கு என்னை வேலையிலேருந்து எடுத்துடுங்க. இன்னிக்கு இறக்காதீங்க."

கர்டிஸ் பெருமூச்சு விட்டது ரேடியோவில் கேட்டது. அப்போதுதான் நெஸ்டர் அழைத்தான். அவன் குரலில் கேலியெல்லாம் போயிருந்தது. மூன்றாவது பெட்டியில் ஒரு பெரியவருக்கு உடம்பு சரியில்லை. சர்க்கரை வியாதிக்காரர். இன்சுலின் ஊசியைக் கப்பல் அறையிலேயே வைத்துவிட்டு வந்திருக்கிறார். மத்தியானம் போட்டுக்கொள்ள வேண்டியதாம். வாய் உலர்ந்து தண்ணீர் கேட்டுக்கொண்டே இருக்கிறார், இரண்டு தடவை வாந்தி எடுத்துவிட்டார், மூச்சு வாங்குகிறது. அவர் மனைவி அழுதுகொண்டிருக்கிறார்.

அந்த மனிதரின் முகம் ஆர்லிஸுக்குத் தெரியாது. ஆனால் விழாத ஒரு கல்லுக்காக அவரை மலைமேல் பிடித்து வைத்திருப்பது அவள்தான். ரயிலை இறக்கியிருந்தால் இந்நேரம் அவர் பாதி வழி வந்திருப்பார். அவர் செத்துப்போனால்? இந்தப் பாறை இருபது வருஷம் இப்படியே நின்றால்?

அவர்களைக் கீழே கொண்டுவர இன்னொரு வழி இருந்தது. ரயிலை முன்னோக்கி ஓட்டி, எல்லையைத் தாண்டி ஏழு மைலில் இருக்கிற கனடா பக்கத்து ரயிலடிக்குப் போனால், அங்கே நெடுஞ்சாலை இருக்கிறது. ஊரிலிருந்து பேருந்துகளை அனுப்பி ஏற்றிக்கொண்டு வரலாம். ஆனால் உச்சிவரை மட்டும் போகிற பயணிகளில் ஒருவர்கூடப் பாஸ்போர்ட் கொண்டுவரவில்லை. எல்லாம் கப்பல் அறைப் பெட்டிகளில் பூட்டிக் கிடந்தன. நானூறு பேரை அடையாளச் சீட்டு இல்லாமல் ஒரு நாட்டுக்குள் கொண்டுபோய், மறுபடி இன்னொரு நாட்டுக்குள் கொண்டுவர வேண்டும்.

அடுத்த ஒரு மணி நேரம் அவள் ரேடியோவைக் காதோடு ஒட்டி வைத்துக்கொண்டு கேட்டாள். டெஸ்மண்ட் ஒரு பக்கம் கனடா எல்லை அதிகாரிகளிடமும் இன்னொரு பக்கம் அமெரிக்க அதிகாரிகளிடமும் தொலைபேசியில் பேசிக்கொண்டே, ரேடியோவில் நெஸ்டருக்கும் பதில் சொல்லிக்கொண்டிருந்தான். அவன் குரல் ஒரு தடவைகூட உயரவில்லை. "அம்மா, அவங்க யாரும் உங்க நாட்டுல குடியேற வரல, எல்லாருக்கும் சாயங்காலம் ஏழு மணிக்கு எறால் விருந்து இருக்கு, அதுக்குத்தான் துடிக்கிறாங்க," என்று அவன் யாரிடமோ சொன்னது பின்னணியில் கேட்டது. கப்பலிலிருந்து பயணிகளின் பட்டியலை அனுப்பினார்கள். மூன்று ஐம்பதுக்குக் கனடா சம்மதித்தது. நெஸ்டர் ரயிலை முன்னோக்கி எடுத்தான். மருத்துவ வண்டி அந்தப் பக்கத்து ரயிலடிக்கு வந்து பெரியவரை ஏற்றிக்கொண்டு போயிற்று. ஊரில் ஓடுகிற பேருந்துகள் அத்தனையும், பள்ளிக்கூட வண்டி உட்பட, மலையேறின. கப்பல் ஆறே முக்காலுக்குத்தான் கயிறு அவிழ்த்தது. அது அடுத்த துறைமுகத்தில் தன் இடத்தை இழந்தது. ஜனங்கள் பேருந்திலிருந்து இறங்கித் துறைமுகப் பாலத்தில் ஓடும்போது சிலர் சிரித்தார்கள், பலர் திட்டினார்கள்.

அதுவரைக்கும் பாறை அசையவில்லை.

ஏழு மணிக்கு, ஜூன் மாத வெயில் இன்னும் முழுசாக இருக்கையில், ஆர்லிஸ் டிராலியை ஊருக்கு இறக்கினாள். பணிமனையில் நின்றவர்கள் அவளுக்கு வழி விட்டார்கள். கட்டுப்பாட்டு அறை ஜன்னல் வழியாக டெஸ்மண்டின் முதுகு தெரிந்தது. அவள் படிவரை போய் நின்றாள். அவன் திரும்பவில்லை. அவள் வீட்டுக்குப் போய், ஷூவைக்கூடக் கழற்றாமல் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் காலை கயிற்றில் தொங்கிப் பாறை தட்டுகிற ஆட்கள் இரண்டு பேர் மேலேயிருந்து இறங்கினார்கள். கீழேயிருந்து தெரியாத ஒரு மடிப்புக்குப் பின்னால் பிளவு இருந்தது. ஒருத்தன் கையை விட்டுப் பார்த்தான், தோள்வரைக்கும் போயிற்று. நீளக் கடப்பாரையை நுழைத்து இரண்டு பேரும் சாய்ந்து அழுத்தினார்கள். மூன்றாவது அழுத்தலில் ஒரு சரக்கு வண்டி அளவு பாறை பிய்த்துக்கொண்டு இறங்கியது. தண்டவாளத்தை வளைத்து, பாதையின் விளிம்பை உடைத்து, ஆற்றுக்குள் போய் விழுந்தது.

நிலவியல் பார்க்க வந்த அம்மாள் தன் அறிக்கையில் எழுதியது இதுதான்: ரயிலின் அதிர்வில் அது அன்றே விழுந்திருக்கலாம், அல்லது அடுத்த குளிர்காலம்வரை நின்றிருக்கலாம், சொல்ல முடியாது. கர்டிஸ் அந்தக் கடைசி இரண்டு வார்த்தைகளை ஆர்லிஸிடம் இரண்டு தடவை படித்துக் காட்டினார். பிறகு பழைய கடிதத்தை அவளுடைய கோப்பிலிருந்து எடுத்து, அவள் முன்னாலேயே கிழித்துப் போட்டார். ஏழாம் மைல் விஷயத்தை என்ன செய்வது என்று மேலிடத்தில் கேட்டிருந்தார். அது இருபத்தேழு வருஷத்துக்கு முந்திய விவகாரம். டெஸ்மண்ட் புகார் கொடுத்தால் எடுப்போம் என்று பதில் வந்தது. டெஸ்மண்ட் கொடுக்கவில்லை.

பெரியவர் பிழைத்துக்கொண்டார். இரண்டு நாள் கனடா மருத்துவமனையில் இருந்தார். அவருடைய மனைவி மூன்று பக்கத்துக்கு ஒரு புகார்க் கடிதம் எழுதினார். உங்கள் ஊழியர் ஒருத்தியின் காதுக்காக என் கணவர் சாகக் கிடந்தார் என்று அதில் இருந்தது. ஆர்லிஸ் அதன் ஒரு படியைக் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டாள். அதில் எழுதியிருந்ததும் உண்மைதான் என்றாள் நெஸ்டரிடம்.

"மனாங், அதையெல்லாம் தூக்கிப் போடு. என் பொண்டாட்டி அன்னிலேருந்து ஞாயித்துக்கிழமை ஜெபத்துல உன் பேரச் சொல்றா. எனக்கே அந்த யோகம் இல்ல," என்றான் அவன்.

டெஸ்மண்ட் பதினேழு நாள் வேலை வார்த்தைகளைத் தவிர அவளிடம் ஒன்றும் பேசவில்லை. 'போகலாம்', 'நில்', 'பாதை காலி' அவ்வளவுதான். ஊர் இரண்டாகப் பிரிந்து பேசியது. தேவாலயத்துக்குப் போகும் வழியில் ஒருத்தி அவளைப் பார்த்துத் தெருவின் மறுபக்கம் போனாள். மீன்பிடிப் படகுக்காரன் ஒருவன் நடுத்தெருவில் நிறுத்தி அவள் கையைக் குலுக்கினான். இரண்டுமே அவளுக்கு ஒரே மாதிரிதான் கூச்சமாக இருந்தது.

பதினெட்டாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. கப்பல் இல்லாத நாள். தூறல். டெஸ்மண்ட் அவள் வீட்டுக் கதவைத் தட்டினான். உள்ளே வந்து, மழைச் சட்டையைக் கழற்றாமலே மேஜைக்கு முன்னால் உட்கார்ந்தான். அவள் காப்பி ஊற்றி வைத்தாள்.

"நான் மன்னிக்க வரல," என்றான்.

"நான் கேக்கவும் இல்ல."

"கேட்டுடாத. என்ன சொல்றதுன்னு எனக்குத் தெரியல." அவன் கோப்பையைச் சுற்றிச் சுற்றித் திருப்பினான். "உன் வீட்டு வாசல்ல நான் பனி அள்ளினேன், ஆர்லிஸ். ஞாபகம் இருக்கா? நீ ஜன்னலுக்குப் பின்னால நின்னே. நான் பார்த்தேன். வெக்கப்படறான்னு நெனச்சேன். புருஷன் விட்டுட்டுப் போன வெக்கம்னு."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"அன்னிக்கே கதவத் திறந்து சொல்லியிருந்தா கத்தியிருப்பேன். மண்வெட்டியால ஜன்னல உடைச்சிருப்பேன். அப்புறம் ஏதாவது ஆகியிருக்கும். இப்போ எனக்கு அம்பத்துமூணு வயசு. கத்தவும் வரல, சும்மா இருக்கவும் வரல."

"நான் வேலைய விட்டுடட்டுமா? உன் காதுல என் குரல் கேக்காம இருக்கும்."

"விட்டா உன் கால ஒடச்சிடுவேன்," என்றான் டெஸ்மண்ட் சட்டென்று. சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கு உறைத்தது. அவன் உதடு கோணியது. "நீ போனா அந்த வேலைக்கு வேற யார் வருவாங்க? கண்ணால பார்த்தாத்தான் சொல்லுவேன்னு ஒருத்தன் வருவான். அவன நம்பி நான் நானூறு பேர இறக்கணும். நீ இரு. நீ நிறுத்துன்னா நிறுத்துவேன். காரணம் கேக்க மாட்டேன். அது வேலை. இது வேற. ரெண்டையும் கலக்காத."

"கலக்கல."

"நான் கலக்கறேன். அதான் வந்தேன்."

அவளால் பொறுக்க முடியவில்லை.

"என்ன வெறுக்கிறியா, டெஸ்மண்ட்?"

"சில நாள்."

"இன்னிக்கு?"

அவன் யோசித்தான். உண்மையாகவே யோசித்தான். "இன்னிக்கு மழை. மழை வந்தா இல்லாத கால் வலிக்கும். அதனால இன்னிக்குக் கொஞ்சம் வெறுக்கிறேன்."

அவள் எழுந்து போய் அடுப்பில் விறகைத் தள்ளினாள். அறை சூடாகட்டும் என்று கதவை இறுகச் சாத்தினாள். அவன் போகிறேன் என்று சொல்லவில்லை. கொஞ்சம் கழித்து மழைச் சட்டையைக் கழற்றி நாற்காலி முதுகில் போட்டான். அவள் முட்டையை உடைத்து ஊற்றி, நேற்றைய ரொட்டியை வாட்டினாள். சாப்பிட்டார்கள். அவன் இரண்டாவது கோப்பை காப்பியையும் குடித்துவிட்டு, தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போனான்.

அதற்குப் பிறகு ஆர்லிஸ் ஐந்து பருவம் அந்த மலையில் வேலை பார்த்தாள். நான்கு தடவை ரயிலை நிறுத்தினாள். ஒரு தடவை கல் விழுந்தது, மூன்று தடவை ஒன்றும் விழவில்லை. நான்கு தடவையும் டெஸ்மண்ட் ஏன் என்று கேட்கவில்லை. கப்பல் இருக்கிற நாட்களில் அவளுக்கு வயிறு கடைசிவரை சரியாகவில்லை.